பித்தப்பை உள்ள பெயர்

பித்தப்பை இல்லாதவளுக்குப் பித்தப்பை வலி வராது என்று டாக்டர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கணினித் திரையைப் பார்த்தே சொன்னார். அவளைவிட அது நம்பத் தகுந்தது என்று முடிவாகிவிட்டது போலிருந்தது.

மேசைமேல் இருந்த ஃபோனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் குரல் அதை மொழிபெயர்த்தது. பாஷை வராதவர்களுக்கு அந்த மருத்துவ நிலையத்தில் இப்படி எங்கிருந்தோ ஒரு குரலை வரவழைப்பார்கள்.

"அம்மா, ரெண்டு வருஷம் முன்னாடியே உங்களுக்கு ஆபரேஷன் பண்ணி பித்தப்பைய எடுத்தாச்சாம். இல்லாத பையில எப்படிக் கல்லு வரும்னு கேக்குறார்." டாக்டர் சொல்லாததையும் குரல் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது: "எனக்கே தலையும் புரியல வாலும் புரியல. நீங்க என்னதான் சொல்ல வரீங்க?"

"வலி அங்கதான்னு சொல்லுங்க. வலது விலாவுக்குக் கீழ. முதுகு வரைக்கும் இழுக்குது. எண்ணெய் பட்டத சாப்பிட்டா ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சிடுது."

பாடம் ஒப்பிப்பதுபோலத் தடங்கலில்லாமல் சொன்னாள். டாக்டர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"சட்டைய மேல தூக்கிட்டு கட்டில்ல படுக்கச் சொல்றார்," என்றது குரல்.

"வேணாம்."

"தொட்டுப் பாக்காம எப்படிம்மா?"

"வேணாம்னு சொல்லுங்க."

டாக்டர் விசைப்பலகையில் ஏதோ தட்டினார். "நோயாளி ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்கார்," என்றது குரல். "வாயுக்கு மாத்திரை குடுக்குறார். மூணு வாரம் போடுங்க."

சட்டையைத் தூக்கினால் வயிற்றில் தழும்பு இல்லை என்பது தெரிந்துவிடும். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் அவள் பெயரில் பித்தப்பையை எடுத்துக்கொண்டவள் அவள் அல்ல. அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

அந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கும் உருளைகளுக்கு நடுவிலிருந்து விறைப்பாக வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடிக்க வேண்டும். மூலை சேராத விரிப்பு திரும்பி வந்துவிடும். அவள் மடித்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எதிரே நிற்கும் தமிழ்க்காரி அதனால் அவளுக்கு நாலுமூலை என்று பெயர் வைத்திருந்தாள். பாதி மெச்சுதல், பாதி கேலி.

"வீட்டுக்காரரையும் இப்படித்தான் மடிச்சு வெச்சிருக்கியா?"

"அவருக்கு மூலையே கெடையாது. உருண்டை."

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அவளும், பஸ் டிப்போவில் பஸ் கழுவும் அவள் கணவனும். இன்னொன்றில் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் பார்சல் வண்டி ஓட்டினான். ஆனால் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வீட்டில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். அவன் மனைவி நாலு வருடத்துக்கு முன் மூன்று மாத விசாவில் பார்க்க வந்தவள், திரும்பிப் போகவில்லை. காகிதம் ஏதும் இல்லாததால் வெளியே வேலைக்குப் போக முடியாது. ஒரு தையல்காரர் கொடுத்தனுப்பும் கால்சட்டைகளுக்கு வீட்டிலேயே விளிம்பு தைத்துக் கொடுத்தாள். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அந்த மெஷின் சத்தம்தான் வீட்டில் கேட்கும்.

ஓரகத்திக்குத்தான் முதலில் வலி வந்தது. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுப் பெண்களில் ஆஸ்பத்திரி அட்டை நாலுமூலையிடம் மட்டுமே இருந்தது. அவள் கணவனிடமும் உண்டு, ஆனால் ஆண் அட்டையால் என்ன பிரயோஜனம். அட்டை இல்லாதவர்களை உயிர் போகிற கட்டத்தில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டு பெயரைக் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

யோசனை வக்கீலுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, அட்டையில உங்க படம் இருக்கு, வாஸ்தவம். ஆனா அந்தப் படத்துல நீங்களே உங்க மாதிரி இல்ல. அப்புறம் அது யாரா இருந்தா அவங்களுக்கென்ன?"

கணவன் தலையாட்டினான். நாலுமூலை சரி என்று சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

சொல்லிக்கொடுப்பது மட்டும் அவள் தலையில் விழுந்தது. பிறந்த தேதி, அம்மா பெயர், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது. கடைசியில் கர்ப்பம். இரண்டு முறை தரித்து இரண்டும் கலைந்துபோனவள் அவள். கணவனோடுகூட அதைப் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அதை ஓரகத்திக்கு மனப்பாடம் செய்வித்தாள்.

"ரெண்டு தடவ கலைஞ்சுது," என்று ஓரகத்தி வீட்டு விலாசம் சொன்ன அதே குரலில் ஒப்பித்தாள். "ஒண்ணு மூணாம் மாசம். ஒண்ணு அஞ்சாம் மாசம்."

"அஞ்சு இல்ல. அஞ்சரை."

"அவ்வளவு துல்லியமா எவ கேக்கப் போறா?"

"அஞ்சரை," என்றாள் நாலுமூலை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பெயர் படுத்திருந்த மூன்று நாளும் அவள் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாதென்று வக்கீல் சொல்லிவிட்டான். ஜன்னல் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். தன் பெயர் வெளியே போயிருக்கும்போது வீட்டில் மிச்சம் இருப்பது யார் என்று அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேடிக்கையான சந்தேகம்தான். ஆனால் அது பிறகும் விடவில்லை.

ஓரகத்தி வயிற்றில் நாலு சின்னக் கட்டோடு திரும்பி வந்தாள். "சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா," என்றாள். "மூணு வேளையும் உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. உதவி வாங்கியவள் நன்றியை வாய்விட்டுச் சொல்லவில்லை. செய்தவள் சொல்லிக்காட்டாமல் ஒரு வாரம் இருந்ததில்லை. அடுப்பு, துணிக்கொடி, குளியலறை என்று எங்கே ஆரம்பித்தாலும் சண்டை கடைசியில் அட்டையில் வந்து முடியும். கொடுத்ததை மறக்காதவளும் வாங்கியதை ஒப்புக்கொள்ளாதவளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது சிறை. இரண்டு பேரில் யார் காவல், யார் கைதி என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

இப்போது நாலு மாதமாக அதே வலி நாலுமூலைக்கு. பார்த்துப் பழகிய வலியாக இருந்ததால்தான் டாக்டரிடம் அவ்வளவு சரியாகச் சொல்ல முடிந்தது.

மூன்றாம் முறை போய்விட்டு வந்த அன்று சாயந்திரம் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். "சட்டையத் தூக்கச் சொன்னான். தூக்கல."

"நல்ல வேளை," என்றான் கணவன்.

"என்ன நல்ல வேளை?"

"இல்ல, தழும்பு இல்லேன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா எனக்கு வைத்தியம் நடந்திருக்கும்."

வக்கீல் கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணி, சட்டம் என்ன சொல்லுதுன்னா..."

"சட்டம் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற."

"சரி, நானே சொல்றேன். இவளை ஊருக்கு ஏத்திவிட்டுடுவாங்க. அட்டை குடுத்த உங்களையும் சும்மா விட மாட்டாங்க. அண்ணன் குடியுரிமைக்கு மனு போட்டிருக்கார், அதையும் ஊத்தி மூடிடுவாங்க. ஒரு பைக்காக நாலு பேர் போகணுமா?"

"அந்தப் பை என் வயித்துல இருக்குடா."

கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஓரகத்தி தலை நிமிராமலே கேட்டாள்: "எனக்குக் குடுத்த வலி மாத்திரை கொஞ்சம் மிச்சம் இருக்கு. தரட்டுமாக்கா?"

"உனக்குக் குடுத்ததா? என் பேருக்குக் குடுத்தது."

மெஷின் நின்றது. ஓரகத்தி எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். அதிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ரெண்டு வருஷமா என் பேரு, என் பேருன்னு ஒரே பாட்டு. இந்தாங்க, இது என் பேரு. இந்தப் பேர்ல எந்த ஆஸ்பத்திரியிலயும் எதையும் எடுக்கல. பித்தப்பை பத்திரமா இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க. போய் வயித்தக் காட்டுங்க."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது முழுசாக உறைத்ததும் சிரிப்பு நின்றது. "பைத்தியமா உனக்கு? பேரு நேரா குடியேற்ற ஆபீசுக்குப் போகும்."

"போகட்டும். சொல்லிக்காட்டுறதக் கேட்டுக்கிட்டு இங்க இருக்கறதுக்கு அது மேல்."

"உன் பேரு எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றாள் நாலுமூலை. ரோஷத்தில் சொன்னாள். பாஸ்போர்ட் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று. மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் விரிப்பு அவள் கையிலிருந்து நழுவியது. எதிரே நின்றவள் தன் இரண்டு மூலையையும் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"ஏய் நாலுமூலை, கண்ணக் காட்டு. துணியில இவ்வளவு மஞ்சக் கறை இருந்தா நீயே திருப்பி அனுப்பிடுவ."

காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வந்து, அவளைத் தொடாமல், வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். இங்கே ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறார்கள், தொற்று வந்துவிடக் கூடாது.

வீட்டில் ஓரகத்தி மட்டும் இருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். மெஷினை அணைத்தாள். தகரப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள்.

"நடங்க."

"அவங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அட்டைய எடுக்கறப்போ உங்களக் கேட்டாங்களா?"

பஸ்ஸில் கடைசி இருக்கை. ஓரகத்தி பாஸ்போர்ட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வாத்திச்சி மாதிரி ஆரம்பித்தாள். பிறந்த தேதி சொல்லுங்க. தப்பு. மறுபடி. அம்மா பேரு. முனகாதீங்க, கேக்கற மாதிரி சொல்லுங்க. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிக் கட்டிக்கொண்டதை வட்டியோடு திருப்புவது போலிருந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டி நாலுமூலையை எட்டுத் தடவை எழுதவைத்தாள்.

"ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா?"

"உனக்குத்தான் எல்லாம் ஒத்துக்குமே."

"ஒத்துக்கும். ஆனா நீங்க பென்சிலின் ஒத்துக்காதுன்னு சொல்லுங்க. அது உங்க ஒடம்பு. அத மட்டும் மாத்தித் தொலைச்சிடாதீங்க." ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "அப்புறம் கர்ப்பம் கேப்பாங்க."

"உனக்கு ஒண்ணும் இல்லையே."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் கிளம்பியது.

"ஒண்ணு," என்றாள் ஓரகத்தி. "கலைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க."

"அதுல எதுக்குப் பொய்?"

"பொய் இல்ல."

நாலுமூலை திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"போன வருஷம். பாத்ரூம்ல எவ்வளவு நேரம்தான் தண்ணியத் தொறந்துவிட்டுக்கிட்டு இருப்பன்னு கதவத் தட்டுனீங்களே. அன்னைக்கு."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூன்று தடவை தட்டியிருந்தாள். மூன்றாம் தடவை உள்ளங்கையால்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி அட்டை கேக்கணும். ஒரு தடவ கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்."

நாலுமூலைக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. வலி ஒரு பக்கம் இழுத்தது. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"மூணாம் மாசமா, மூணரையா?"

"மூணு," என்றாள் ஓரகத்தி.

பாஸ்போர்ட்டில் முகம் இருந்ததால் அதன் சொந்தக்காரி உள்ளே வரக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். நாலுமூலை மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே இருந்தவள் படத்தைப் பார்க்கவில்லை, விசா முடிந்த தேதியைத்தான் பார்த்தாள். ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டி நடைவழியில் ஒரு நாற்காலியைக் காட்டினாள். ஓரகத்தியின் பெயரை நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் நாலுமூலை எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை நர்ஸ் எதிரே வந்து விரலைச் சொடுக்கினாள். அந்தச் சொடுக்குக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அட்டையோடு போன இடத்தில் அவளை நம்பவில்லை. அட்டை இல்லாமல் போன இடத்தில் மதிக்கவில்லை. ஆனால் இங்கே வயிற்றைப் பார்த்தார்கள். குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டிய பெண் திரையை அவள் பக்கம் திருப்பி விரலால் சுட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பை. உள்ளே கற்கள். ஒரு கல் வெளியே நகர்ந்துபோய்ப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. நாலுமூலை அதையே பார்த்தாள். நாலு மாதமாக டாக்டர் இல்லை இல்லை என்று சாதித்தது அங்கே பத்திரமாக இருந்தது. அந்த நிலைமையிலும் அவளுக்கு அழுகைக்குப் பதிலாக ஒரு திமிர் வந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டு அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பையை எடுத்தார்கள். வயிற்றில் நாலு சின்னக் கட்டு. ஐந்தாம் நாள் ஒரு பெண் காகிதம் கொண்டுவந்து நீட்டினாள். பெயரைக் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டோம் என்பதற்கு ஒப்புதல். பஸ் டிக்கெட்டில் பழகிய கையெழுத்தை நாலுமூலை ஒரு வளைவுகூடப் பிசகாமல் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பைகள் பாதி கட்டியிருந்தன. வேறு ஊரில் வக்கீலுக்குத் தெரிந்தவர் ஒருவர் கிடங்கில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குள் கிளம்ப வேண்டும்.

"பையும் போச்சு, நாங்களும் போறோம்," என்றான் வக்கீல். "திருப்திதானே அண்ணி? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம். நாலு வருஷம் காப்பாத்துனத நாலு மணி நேரத்துல கவுத்துட்டீங்க."

"நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்," என்றாள் ஓரகத்தி. "அவங்கள எதுக்குக் குத்துற?"

"நீ பேசாத."

கணவன் தையல் மெஷினைக் கீழே கொண்டுபோய் வைத்தான். தம்பிக்கு நன்மை செய்கிறோமா, மனைவிக்குச் செய்கிறோமா என்று தெரியாத நேரங்களில் அவன் எதையாவது தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவான்.

நாலுமூலை குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கிடந்த ஓரகத்தியின் துணிகளை நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து மடித்து, திறந்திருந்த பையில் அடுக்கினாள். ஓரகத்தி வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டு, தன் இஷ்டத்துக்குச் சுருட்டித் திணித்துக்கொண்டாள்.

நாலுமூலை கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "இத வெச்சுக்க. எனக்கு இனிமே எடுக்க ஒண்ணும் இல்ல."

"வேணாம். இனி எது வந்தாலும் என் பேர்லயே வரட்டும்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நாலுமூலை ஜன்னலுக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் மருத்துவ நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. ஒத்துழைக்காத நோயாளி மறுபடியும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். போனாள். அதே டாக்டர், அதே ஃபோன், அதே குரல்.

"இன்னைக்காவது சட்டையத் தூக்குவீங்களான்னு கேக்குறார்."

தூக்கினாள். நாலு தழும்பும் இன்னும் செக்கச் செவேலென்று இருந்தன. அந்த வயிறு இரண்டு வருடம் பழையதல்ல என்று கண்ணுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் எட்ட இருந்தே ஒரு தரம் பார்த்தார். திரையில் படித்ததும் வயிற்றில் இருந்ததும் ஒத்துப்போயின. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"வலி எப்படி இருக்கு?"

"இப்ப இல்ல."

டாக்டர் முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். "பாத்தீங்களா, வாயுதான்னு அன்னைக்கே சொன்னேனே, மாத்திரையிலயே சரியாப் போச்சுங்கறார்," என்றது குரல். பிறகு தன் பங்குக்கு: "நீங்க மொதல்லயே ஒத்துழைச்சிருந்தா இவ்வளவு இழுபறி இருந்திருக்காதும்மா."

அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம். பழைய விவரமெல்லாம் சரியான்னு பாத்துக்கறார். ஆபரேஷனுக்குச் சேந்தப்ப நீங்களே சொன்னது. பென்சிலின் ஒத்துக்காது. கரு கலைஞ்சது ரெண்டு தடவ. ஒண்ணு மூணு மாசம். இன்னொண்ணு அஞ்சரை மாசம்."

நாலுமூலை ஃபோனைப் பார்த்தாள்.

"அஞ்சரைன்னா இருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்காம். அஞ்சரை. சரியா, இல்ல மாத்தணுமா? சீக்கிரம் சொல்லுங்க, அவருக்கு அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

"மாத்த வேணாம்," என்றாள். "அவ சரியாத்தான் சொல்லியிருக்கா."

"எவ?" என்றது குரல்.

டாக்டர் அதற்குள் ஃபோனை வைத்துவிட்டார்.